பதில் வராத செயலி

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் லினக்ஸ் பைத்தியமான சிகித், இலவச அரட்டைச் செயலி ஒன்றை எழுதி வீட்டு சர்வரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தான். யார் குறை சொன்னாலும் அவனிடமிருந்து உடனே பதில் போகும்.

“என்னங்க, தெம்பே வறுவல் ஆறுது,” என்றாள் மனைவி ரத்ரி.

“இரு, புதுசா ஒரு புகார் வந்திருக்கு.”

பெயர் போடாத யாரோ எழுதியிருந்தார்கள்: ‘நான் பேசுகிறேன். எதிர்ப்பக்கத்திலிருந்து பதிலே வருவதில்லை.’

சிகித் பதறிப்போய்த் தட்டினான்: ‘மன்னிக்கவும். எப்போதிலிருந்து?’

‘ஒரு வருஷமாக. சாப்பாட்டு நேரத்தில் ரொம்ப மோசம்.’

‘மற்றவர்களுக்கும் இப்படியா?’

‘இல்லை. ஊருக்கெல்லாம் பதில் போகிறது. எனக்கு மட்டும்தான் இல்லை.’

‘எங்கிருந்து பயன்படுத்துகிறீர்கள்?’

‘உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து.’

சிகித் திரும்பினான். கையில் போனோடு நின்ற ரத்ரி சிரிக்கவில்லை.

“புகார்னு எழுதினாத்தானே நீங்க என்கிட்ட பேசறீங்க?”