பன்னிரண்டு சாமான்

குக்கரைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள் அம்மா. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தாளில் எட்டாவது சாமானையும் பேனாவால் அடித்தாள்.

குழந்தைகள் நல அலுவலகம் அனுப்பிய தாள் அது. பதினெட்டு வயது முடிந்து, வளர்த்த வீட்டிலிருந்து வெளியேறும் வளர்ப்புப் பிள்ளைக்குக் கொடுத்தனுப்ப வேண்டிய பன்னிரண்டு சாமான்கள்.

அந்த வீட்டில் இரண்டு பையன்கள். ஒருவன் அவள் பெற்றவன். இன்னொருவன் ஒன்பது வயதில், வளர்க்கச் சொல்லி அலுவலகம் கொண்டுவந்து விட்டவன். பிறந்ததில் பத்தே நாள் வித்தியாசம், அதிலேயே பெரியவன், சின்னவன் என்று பட்டம் கிடைத்துவிட்டது.

பெட்டி சின்னவனுடையது. பெரியவன் கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வயிற்றெரிச்சல் மேல் அந்தக் குக்கரை ஏற்றியிருந்தால் அடுப்பில்லாமலே நாலு விசில் வந்திருக்கும்.

"புதுப் போர்வை வேறயா?"

"குளிருமேடா அவனுக்கு."

"எனக்கெல்லாம் குளிராது. நான் கல்லு."

"கல்லு கொஞ்சம் நகரு. அப்பா பரண்லேர்ந்து இன்னொரு பெட்டி இறக்குறாரு."

பெட்டியோடு ஒரு மூட்டை தூசியும் இறங்கியது. அப்பா மூன்று தும்மல் போட்டார். சின்னவனும் கணக்காக மூன்று. பெரியவனுக்கு ஒன்றுதான் வந்தது. அதிலும் அவனுக்குக் குறைச்சல்.

இஸ்திரி போடக் கற்றுக்கொடுக்க, சோற்றுக்குத் தண்ணீர் அளந்து காட்ட என்று ஒரு வாரமாக அம்மா சின்னவன் பின்னாலேயே அலைந்தாள். பெரியவனுக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு ஒரு கரண்டியாவது எடுத்து வச்சியாம்மா?"

"உனக்கு எதுக்குடா கரண்டி?"

பெரியவன் வாசலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள் காலை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்தார், வேலைக்குப் புதுசு. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பன்னிரண்டும் இருக்கு. நல்லாத்தான் அனுப்புறீங்க. தம்பி, இங்க ஒரு கையெழுத்துப் போடுப்பா" என்று சின்னவனிடம் பேனாவை நீட்டினார்.

அம்மா குறுக்கே கை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். "இவன் நான் பெத்தவன் மேடம். வெளியூர்ல வேலை கிடைச்சுப் போறான். என்ன குடுத்தனுப்புறதுன்னு முழிச்சேன், உங்க தாள் கை குடுத்துச்சு."

"அப்போ நாங்க கொண்டுவந்து விட்ட பையன் எங்கே?"

அம்மா பெரியவனைச் சட்டைக் காலரோடு முன்னால் இழுத்தாள்.

"இவன் எங்கேயும் போகலை."