ஆளுக்கு இரண்டு துணி

"கேளுங்கம்மா, என்ன வேணும்னாலும் கேளுங்க. உங்க வீட்டுப் பிள்ளைதானே நான்!" என்றார் வேட்பாளர்.

ஊர்ப் பெண்கள் நாங்கள் மாமரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.

மோன்சே நகரத்திலிருந்து புழுதி குடித்து வந்த மனிதர். கைதட்டல் இல்லை, சண்டைகூட இல்லை. இந்த ஊர்ப் பெண்களுக்கு அரசியல் பேச்சே விட்டுப்போய்விட்டது என்று கூட வந்த ஆள் அவர் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.

விட்டுப்போகாமல் என்ன செய்யும்? முதல் தேர்தலில் ஓடைக்குப் பாலம் கேட்டோம். தருகிறேன் என்றார். அடுத்த தேர்தலில், ஏன் வரவில்லை என்று கேட்டோம். அதற்கும் அழகாகப் பதில் சொன்னார், நாங்களும் கைதட்டினோம். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மழையில் லுயாண்டோ பிரசவ வலியோடு ஓடைக்கரையில் கிடந்தாள். ஆஸ்பத்திரி அக்கரையில். வெள்ளம் வடியும்வரை அவள் தாங்கவில்லை.

அவள் தங்கைக்கு இந்த டிசம்பரில் பிரசவம். மழையும் அப்போதுதான்.

லுயாண்டோவின் அம்மா எழுந்தாள். மகள் போன பிறகும் ஊரே அவளைப் பினா லுயாண்டோ, லுயாண்டோவின் தாய், என்றுதான் கூப்பிடுகிறது.

"ஐயா, உங்க முகம் போட்ட சித்தெங்கே துணி இந்தத் தடவ ஆளுக்கு ஒண்ணுதானா?"

வேட்பாளருக்கு வாயெல்லாம் பல். "அப்படிக் கேளு தாயே! ஆளுக்கு ரெண்டு குடுங்கப்பா!"

இடுப்பில் சுற்றிக்கட்டும் அந்தத் துணிக்கு நாங்கள் முண்டியடித்ததைப் படம் எடுத்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டதாகவே நினைத்திருப்பார்.

பிறகு அக்கரையில் நின்ற காருக்கு நடந்தார். ஓடையில் வரிசையாகக் கிடந்த மணல் மூட்டைகள்மேல் கால்வைத்து, காலணி நனையாமல் கடந்தார். யார் போட்டது என்று அவர் கேட்கவும் இல்லை, நாங்கள் சொல்லவும் இல்லை.

நாங்களே மணல் மூட்டை கட்டியபோது மாவுச் சாக்குகள் போதவில்லை; பினா லுயாண்டோவுக்குத்தான் அந்த யோசனை வந்தது. போன தேர்தலில் வாங்கிய சித்தெங்கே எல்லாம் இரண்டு மடிப்பாகத் தைத்து, மணல் நிரப்பி, அங்கேதான் கிடக்கின்றன.

கார் மறைந்ததும் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். டிசம்பருக்குள் இன்னும் இரண்டு அடுக்கு ஏற வேண்டும்.

"முகம் உள்பக்கம் இருக்கட்டும்டி," என்றாள் பினா லுயாண்டோ, நூலைப் பல்லால் கடித்தபடி. "வெளிய தெரிஞ்சா அடுத்த தடவ துணி வராது."