சிங்கத்தின் புது வண்டி

“என் வீட்டுக்காரி சரின்னு சொன்னாத்தான் சார் நான் இந்த வண்டியத் தொடுவேன். அவ வேண்டாம்னா வேண்டாம்தான்.”

லாரி டிப்போ வாசலில் நின்று சிங்கம் மேனேஜரிடம் இப்படி அறிவித்ததும் மற்ற டிரைவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன லாரியைக் கீறல் விழாமல் கீழே இறக்கி, ‘சிங்கம்’ என்ற பட்டத்தை வாங்கியவர் அவர். வீட்டுக்கு ஒரு நாற்காலி வாங்கினால்கூட மனைவியை ஒரு வார்த்தை கேட்டது கிடையாது.

அதனால் எல்லோரையும்விட அதிகம் திகைத்தவள் பக்கத்தில் நின்ற அவர் மனைவிதான். ‘உனக்குச் சம்மதமா?’ என்று கேட்க இந்த மனிதருக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. கேட்டதுதான் கேட்டார், போயும் போயும் கேஸில் ஓடுகிற லாரிக்கா கேட்க வேண்டும்? முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டி அடுப்புப் பற்றவைக்கிற ஆள் அவள்.

கம்பெனி டீசல் லாரிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. புது வண்டிக்கு மாறாதவர்களுக்கு இனி நெடுந்தூர ஓட்டம் இல்லை. குடோனுக்கும் டிப்போவுக்கும் நடுவில் பெட்டி இழுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

“வாங்க தங்கச்சி. மனசுல இருக்கறதெல்லாம் கேட்டுடுங்க” என்று மேனேஜர் அவளை வண்டியருகே அழைத்துப் போனார். பெற்ற பிள்ளையைக் காட்டுவதுபோல டாங்கியைத் தட்டிக் காட்டினார்.

சிங்கம் வாசலை விட்டு நகரவில்லை. “நல்லாக் கேளும்மா! வெடிக்குமான்னு கேளு!”

“வெடிக்குமாங்க?”

“டாங்கிக்கு ரெண்டு சுவர் தங்கச்சி, பிளாஸ்க் மாதிரி. உள்ள இருக்கறது நாம எரிக்கிற கேஸ் ஜாதிதான். ஆனா பயங்கரக் குளிர்ல தண்ணியாக்கி வச்சிருக்கு. தண்ணியா இருக்கற வரைக்கும் அது தீப்பத்திக்காது.”

“கசிஞ்சா? கசிஞ்சா என்னாகும்னு கேளும்மா!” வாசலிலிருந்து அடுத்த குரல் வந்தது.

“ஆவியாயிடும். சூடேற ஏறக் காத்தவிட லேசாகி மேல போயிடும். டீசல் மாதிரி தரையில தேங்கி நிக்காது. அதுக்காக மூடின ஷெட்டுக்குள்ள நிறுத்திடக் கூடாது. அதான் இங்க கூரையே போடல.”

“வீட்டு சிலிண்டர் கசிஞ்சா மூக்கு சொல்லிடும். இதுக்கு வாசனை உண்டாங்க?” இதை யாரும் சொல்லித் தராமல் அவளே கேட்டாள்.

மேனேஜர் அவளைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். “கிடையாது. அதான் கேபின்ல மோப்பம் பிடிக்கறதுக்குன்னே ஒரு கருவி வச்சிருக்கோம். லேசாக் கசிஞ்சாலும் கத்தி ஊரைக் கூட்டிடும்.”

“அந்தக் கருவியே மக்கர் பண்ணினா?”

“சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிஞ்சா வண்டி இந்த வாசலத் தாண்டாது.”

“கையில பட்டா தோலு வெந்துடுமாம்! அதையும் கேளும்மா!” வாசல் விடுவதாக இல்லை.

“பட்டா உண்மைதான். அதனாலதான் கையுறை போடாம ஒருத்தனையும் நிரப்ப விடறதில்ல” என்ற மேனேஜர், அவளுக்கும் ஒரு முகக்கவசத்தை மாட்டிவிட்டு, மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நிற்கவைத்தார்.

நிரப்புகிறவர் முழங்கை வரைக்கும் உறை போட்டுக்கொண்டு குழாயை மாட்டினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயின் மூக்கில் வெள்ளைவெளேரென்று பனி பூத்தது. குழாயைக் கழற்றும்போது ‘புஸ்’ஸென்று ஒரு பிடி வெண்புகை கிளம்பியது. அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். திறந்தபோது புகையைக் காணோம்.

“இவ்வளவுதானா?” என்றாள்.

அவளுக்கு மனசு கரைந்துபோயிற்று. வாசலில் நின்று இந்த மனிதர் இத்தனை கேள்வி கேட்டது யாருக்காக? பயந்தாங்கொள்ளியான தனக்காக. ‘நான் வேண்டாம் என்றால் சிங்கம் மறுபேச்சுப் பேசாமல் குடோனுக்குப் பெட்டி இழுக்கப் போய்விடும். என் பயத்துக்காக அவரைக் கூண்டில் அடைப்பதா?’

முகக்கவசத்தைக் கழற்றிக் கொடுத்தாள். டிப்போ முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “எனக்குப் பூரண சம்மதம். இவர் ஓட்டட்டும். முதல் ஓட்டத்துக்கு நானும் கூடப் போறேன்!”

டிரைவர்கள் கைதட்டி விசிலடித்தார்கள். வாசலிலிருந்த சிங்கத்தை நாலு பேர் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். மேனேஜர் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

அவள் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி, கேபினில் ஜம்மென்று உட்கார்ந்தாள். கொஞ்சம் தாமதமாக அவரும் ஏறினார். சாவி துவாரத்தில் நுழையாமல் அங்கும் இங்கும் முட்டியது. நெற்றியெல்லாம் வேர்த்து, கண் கலங்கியிருந்தது.

“என்னங்க அப்படிப் பாக்கறீங்க? இவளுக்கு இவ்வளவு தைரியமான்னா?”

சிங்கம் வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டிச் சிரித்தார். கண்ணாடியை மெல்ல ஏற்றினார். கடைசி இடுக்கும் மூடிய பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார்:

“நீ மாட்டேன்னு சொல்லிடுவேன்னு நம்பித்தானேடி உன்னக் கூட்டிட்டு வந்தேன்!”