குரல் கொடுத்த விளக்கம்

ஒருவரை வேலையை விட்டு அனுப்புவதற்கு முன் அவரிடம் விளக்கம் கேட்டே ஆக வேண்டும் என்கிறது சட்டம். நிறுவனமும் கேட்டது. எழிலரசியிடம் அல்ல, அவளைப் போலவே பேசும் கணினிக் குரல் நகலிடம். கஸ்டமர் கேரில் அவள் பேசிய அழைப்புகளைக் கேட்டே வளர்ந்த நகல் அது. யார் கத்தினாலும் முதலில் மன்னிப்புக் கேட்பதுதான் அங்கே வேலை.

வேலை போன எழிலரசி வழக்குப் போட்டாள். தொழிலாளர் நீதிமன்றத்தில் நகல் தந்த விளக்கத்தை ஓடவிட்டார்கள். "தப்பு என்னோடதுதான் சார், மன்னிச்சிடுங்க." சொல்லி முடித்ததும் விடுகிற சின்ன மூச்சுகூட அவளுடையதுதான்.

"நான் எந்தத் தப்பும் பண்ணலைன்னு மட்டும் சொல்லும்மா, போதும்," என்றார் அவளுடைய வக்கீல். அதைச் சொல்லத்தான் எழிலரசி எழுந்தாள்.

"சீக்கிரம் சொல்லுங்க, எவ்வளவு நேரம்?" என்று நீதிபதி எரிந்து விழுந்தார்.

"தப்பு என்னோடதுதான் சார்," என்றாள் எழிலரசி. பின்னாலேயே அந்தச் சின்ன மூச்சும் வந்தது.