நீங்கள் உறுப்பினர் அல்ல

‘நீங்கள் இந்த நிறுவனத்தின் உறுப்பினர் அல்ல. உள்ளே நுழைய அனுமதி இல்லை.’

மரிவிக் மறுபடி பாஸ்வேர்டைத் தட்டினாள். மறுபடியும் அதே வரி.

எதிரே சவப்பெட்டியில் அப்பா. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் லேப்டாப்போடு அவள். சனிக்கிழமைதான் அடக்கம். அதுவரை பெட்டியைத் தனியாக விடக்கூடாது என்பது ஊர் வழக்கம். வாசல் பந்தலில் துணைக்கு வந்திருந்த அக்கம்பக்கத்தார் காபியைக் குடித்துக்கொண்டு சீட்டாடினார்கள்.

“அடக்கத்தன்னிக்கு லீவு எடுத்துக்கோ. மத்த நாள் வீட்லேருந்தே பாத்துடும்மா. இந்த வாரம் கிளையண்டுக்கு வேலைய டெலிவரி பண்ணணும்ல?” என்று சொல்லியிருந்தார் மேனேஜர் ஆர்னெல். சொன்ன கையோடு, கம்பெனி பெயர் கொட்டை எழுத்தில் போட்ட ஆளுயர மலர்வளையமும் அனுப்பிவைத்தார். மனுஷனுக்கு மரியாதை தெரியும்.

மரிவிக் வேலையில் சேர்ந்து நாலு மாதம்தான். இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆளேற்றும் ஜீப்னி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவும் போய்விட்டார். இனி அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில்தான். நாலே மாதத்தில் வேலை போனவளை இலோய்லோ நகரத்தில் எவன் சேர்த்துக்கொள்வான்?

இந்தப் புதுக் கட்டுப்பாடு போன மாதம் வந்தது. வேலையை விட்டுப் போன ஒருவன் தன் சொந்தக் கணக்கில் நுழைந்து, கம்பெனி வேலை ஃபைல்களை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அதிலிருந்து, உறுப்பினராகச் சேர்த்தவர்களுக்கு மட்டும்தான் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் திறக்கும். வேலையிலிருந்து தூக்குவதென்றால் முதலில் இந்த வரிதான் வரும் என்று ஆபீசில் பேச்சு.

பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதும், ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் தியோடி கையில். மரிவிக் அவருக்கு போன் போட்டாள்.

“தியோடி அண்ணே, என்னை வேலைய விட்டுத் தூக்கிட்டாங்களா?”

“சேச்சே! சிஸ்டத்துல என்னமோ கோளாறு. பாத்துட்டிருக்கேன்.”

“சீக்கிரம் பாருங்கண்ணே. நாளைக்கு டெலிவரி.”

“பாக்கறேன், பாக்கறேன்.”

மதியம் வரை பார்த்துக்கொண்டேதான் இருந்தார். இவள் போன் பண்ணுவாள், அவர் “பாக்கறேன்” என்பார். ஒரு தடவை எடுக்கவே இல்லை. அம்மா கொண்டுவந்து வைத்த சோறு அப்படியே ஆறிப்போனது.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் ஆர்னெலே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் மொத்த டீமும் இருந்தது.

“என்ன மரிவிக், இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா?”

“லாகின் ஆகல சார். காலையிலேருந்து...”

“தியோடி! ஒரு பேரச் சேக்கத் துப்பில்ல, நீயெல்லாம் எதுக்கு இந்த வேலையில இருக்க?”

“முயற்சி பண்ணிட்டுதான் இருக்கேன் சார். சிங்கப்பூர் ஆபீஸ்லேருந்து பதில் வரல.”

“உனக்கு ஒரு மெமோ குடுத்தாதான் பதில் வரும்!”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தன் மேல் பழி வந்துவிடப் போகிறதே என்ற பயத்தில் மரிவிக்கும் சேர்ந்துகொண்டாள்.

“கேட்டா இதையேதான் சார் சொல்றாரு. வேலை தெரியாதவங்ககிட்ட குடுத்தா இப்படித்தான்.”



“சரி, உன் வேலைய மத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடறேன்” என்றார் ஆர்னெல். “வேற வழி? திங்கட்கிழமை வா, பேசிக்கலாம்.”

பேசிக்கலாம் என்றால்? வேலைநீக்கக் கடிதத்தைக் கையில் கொடுக்கவா? மரிவிக் அதையே நினைத்து நினைத்து மருகினாள். பெட்டிப் பக்கம் கண் போனது, மனசு போகவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்த்தாள்.

சாயங்காலம் தியோடி வந்தார். கையில் ஒரு டப்பா பிஸ்கட். அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, பெட்டி முன்னால் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு நின்றார். மரிவிக் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவராகவே நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மெமோ குடுத்துட்டாங்களா?” என்றாள், அவரைப் பார்க்காமலே.

“குடுத்துட்டாங்க. சாருக்கு என் மேலதான் கோவம். உன் மேல ஒண்ணும் இல்ல, வேலை பத்திரமா இருக்கு. திங்கட்கிழமை காலையில லாகின் ஆயிடும்.”

“ஒரே ஒரு பேரச் சேக்க திங்கட்கிழமை வரைக்குமா? மெமோ வாங்கியும் வேலை கத்துக்க மாட்டீங்களா அண்ணே?”

தியோடி அம்மாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“சேக்கறதுக்கு அரை நிமிஷம் போதும்மா. போன்ல சொல்ல முடியல, சார் பக்கத்துலயே நின்னாரு. காலையில உன் பேர எடுத்ததே நான்தான். உள்ள விட்டிருந்தா, உங்கப்பாவுக்காக அழக்கூட உன்ன விட்டிருக்க மாட்டாங்க.”