அசைந்த மரம்

பள்ளியின் சாப்பாட்டுக் கூடமே இன்று நாடக மேடை. ஜன்னல் வெயிலில் அட்டைக் கிரீடம் தகதகக்கிறது. ஒன்றாம் வகுப்பு ராஜா ஒரு தும்மல் போடுகிறார். கிரீடம் கழன்று மேடையோரம் உருள்கிறது. ராஜாவுக்கு உதடு பிதுங்குகிறது. ஒத்திகை முழுக்க "அசையவே கூடாது" என்று டீச்சர் சொல்லிவைத்த மரம், காகித இலைகள் சலசலக்க நடந்து வருகிறது. கிளையை வளைத்துக் கிரீடத்தை எடுத்து ராஜா தலையில் வைக்கிறது. பசை காயாத இலையாலேயே அவர் மூக்கையும் துடைத்துவிட்டு, திரும்பிப் போய் மறுபடி அசையாமல் நிற்கிறது. கைதட்டலில் பெஞ்சுகள் அதிர்கின்றன. பஸ் ஓட்டிய சீருடையோடே ஓடிவந்து கடைசி வரிசையில் நிற்கும் அம்மா, பக்கத்திலிருப்பவரின் தோளை உலுக்குகிறாள்: "வசனமே இல்லைன்னு வீட்டுல ஒரே அழுகைங்க. பாருங்க, அந்த மரம் எங்க வீட்டுப் பொண்ணு!"