மெயினருவிக்கு அடியில்

அந்தத் துப்பாக்கி விளையாட்டின் மேப் முழுக்க மணலும் பாறையும்தான். எதிரி எந்த மூலையில் நிற்கிறான் என்று கூட்டாளிக்குச் சட்டென்று சொல்ல வேண்டும். ஆங்கிலப் பெயரை யோசித்துச் சொல்வதற்குள் ஆள் காலி. அதனால் ஷஹானாவும் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அண்ணன் உவைஸும் ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொண்டார்கள். ஐந்து சந்துகள் கூடும் இடம் ஐந்தருவி. நடுவிலிருந்த உயரமான மொட்டைப் பாறை மெயினருவி.

ஆடி பிறந்தும் குற்றாலத்து மெயினருவி மொட்டைப் பாறையாகத்தான் நின்றது. அங்கே வாப்பா வைத்திருந்த துண்டுக் கடையில் சீசனுக்கு வாங்கிய கட்டுகள் பிரிக்காமலே கிடந்தன.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் உவைஸ் அவுட்டாகிவிட்டான். எதிரிகளில் ஒருவன் மிச்சம். ஷஹானா சந்து சந்தாகப் பதுங்கிப் பதுங்கித் தேடினாள்.

"மெயினருவிக்கு அடியில நிக்கான்," என்றான் உவைஸ் ஹெட்செட்டில். "தண்ணியில சளப்பு சளப்புன்னு நடக்கது கேக்குல்லா."

"அங்கன ஏதுண்ணே தண்ணி?"

"மொதல்ல சுடுட்டி."

சுட்டாள். ஜெயித்துவிட்டார்கள். திரையில் பாறை காய்ந்துதான் கிடந்தது.

அப்போது வாப்பா போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல். "மெயினருவியில தண்ணி விழுந்துட்டும்மா. கூட்டம் அம்முது. கட்டெல்லாம் பிரிச்சாச்சு."

ஷஹானா அதை அண்ணனிடம் சொன்னாள். ஷார்ஜாவிலிருந்து சொட்டுச் சொட்டென்று சத்தம் வந்தது.

"தெரியும்ட்டி," என்றான் உவைஸ். குளிரில் அவனுக்குப் பல் தந்தியடித்தது. "செத்த இரு, தலையத் துவட்டிட்டு வாரேன்."